ஐயருக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ்

போன மாதம் ரங்கூன் பபேடானில் நடந்த கல்யாணத்தில், சாப்பாடு முடிந்த பிறகு நீங்கள் ஆறேழு பேர் மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு நம் மாவ்பி கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். கரேன் இனத்துப் பாதிரியாரான நம் ஐயரின் வாயில் அந்தச் சொல்லை வைத்தது யார் என்ற பேச்சு வந்தது. "வேற யாரு, அந்த மூப்பர்தான்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தீர்கள். மூப்பர் என்று நீங்கள் சொன்னவர் என் பெரியப்பா. அவர் அதைச் செய்யவில்லை. நான்தான் செய்தேன். அன்றைக்கு மணமக்களை வாழ்த்துகிற இடத்தில் இதைச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதியே தருகிறேன். அந்த வருஷம் என்ன நடந்தது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உங்களில் யாருமில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. நம் ஜனங்களில் பாதிப்பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டிருந்தார்கள். கடைசித் தமிழ் ஐயரும் அவர்களோடு போய்விட்டார். மாவ்பிச் சேகரத்துச் சபையில் மிச்சமிருந்தது முப்பது வீடு. பால் கறக்கிறவர்கள், நெல் போடுகிறவர்கள், வெற்றிலைக்கொடி வைத்திருப்பவர்கள். இரண்டு வருஷமாகக் கோயிலில் பெரியப்பாதான் ஜெபம் வாசித்தார். அவருக்குக் கணீரென்ற குரல். தமிழில் ஒரு எழுத்து பிசகினாலும் வாசிப்பவரை நிறுத்தி மறுபடி சொல்ல வைப்பார்.

கோயில் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பாதிரியார், தான் பிறந்த ஊரின் கோயிலைப் போலவே இதையும் கட்டினார். பனி வழிந்து விழுவதற்கென்று அவர் ஊரில் வைத்த செங்குத்தான கூரையை நெல்வயலுக்கு நடுவிலும் வைத்தார். ஐயர் வீட்டில் குளிர்காய ஓர் அடுப்பும் புகைபோக்கியும் கட்டினார். அந்த அடுப்புக்குள் எங்கள் காலத்தில் கோழி அடைகாத்தது. அந்தப் பாதிரியாரின் ஊர்ப் படம் ஒன்று, ஐயர் அங்கி மாற்றும் அறையில் மாட்டியிருந்தது. சின்ன ஊர். நம் கோயிலைப் போலவே ஒரு கோயில், அதைச் சுற்றிக் கூரை வேய்ந்த பத்துப் பன்னிரண்டு வீடு, கல்லறைகளுக்கு நடுவே மேய்கிற ஆடுகள். நாங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தின் முன்னால் நின்று வீடுகளைப் பங்குபோட்டுக்கொள்வோம். வாத்து நிற்கிற குளத்தோரத்து வீடு என்னுடையது. அங்கேயும் பால்காரர் உண்டா, அவரும் பாலில் தண்ணீர் ஊற்றுவாரா, ஐயர் அவரை மன்னிப்பாரா என்றெல்லாம் வாதாடுவோம்.

மழை தொடங்குகிற சமயத்தில் புது ஐயர் வந்தார். ரயிலடியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் சிவப்புக் கரேன் பையோடு வந்தார். முப்பது வயதிருக்கும். ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாது. பெரியவர்கள் அவரை முறையாக ஐயர் என்றார்கள். நாங்கள் பர்மியப் பேச்சில் சயா என்போம்.

அவர் சோம்பேறியில்லை. தமிழ் ஜெபங்களை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு முதல் ஞாயிறே வாசித்தார். ஆனால் அவர் வாயில் சொல்லின் கடைசி மெய் நிற்காது. "எங்களுக்கு இரங்கும்" என்பது "எங்களுக்கு இறங்கு" என்று வந்தது. அதை நீட்டி முழக்கி மூன்று தடவை சொன்னார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெரியப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "பஸ் கண்டக்டர் மாதிரி ஆண்டவரப் பாத்து எறங்கு எறங்குங்குறான்" என்றார். "இதுக்குத்தான் ரெண்டு வருஷம் வெளக்கேத்தி வச்சுக் காத்துக் கெடந்தோமா?"

ஐயருக்கும் தன் குறை தெரிந்திருந்தது. ஞாயிறு பள்ளியில் வேதபாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தவள் நான் என்பதால், அம்மாவிடம் கேட்டு என்னை வரச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் ஐயர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அவர் வாசிப்பதைக் கேட்க வேண்டும். தப்பு வந்தால் மேசையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதற்கு ஒரு கொய்யாப்பழம், சில நாள் ஒரு துண்டுக் கருப்பட்டி. ஊரில் பெரியவர்களெல்லாம் கைகட்டி நிற்கிற ஓர் ஆளை நான் மேசையைத் தட்டி நிறுத்துவேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொல்வார். அந்தப் பெருமையில் நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று அம்மா சொல்வாள்.

ஆடி மாதத்து மழையில் வயலெல்லாம் தண்ணீர் நின்றது. மேட்டு நிலம் என்று ஊரில் இருந்தது கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். வழக்கம்போல எல்லோரும் மாடுகளையும் எருமைகளையும் கொண்டுபோய் அங்கே கட்டினார்கள். வெள்ளைக்காரக் கல்லறைச் சிலுவைகள் முளைக்குச்சிகளுக்குப் பதிலாக நன்றாகவே உதவின. ஒரு நாள் ஐயர் அதைப் பார்த்துவிட்டு, தானே இறங்கிக் கயிறுகளை அவிழ்த்து மாடுகளை வெளியே விரட்டினார்.

பெரியப்பா அங்கே ஓடினார். எங்கள் எருமை இரண்டும் அதில் இருந்தன. அவர்கள் பேசிக்கொண்டது பர்மியத்தில். என்றாலும் முழு ஊருக்கும் கேட்டது.

"உள்ளே படம் மாட்டியிருக்கே, அதில் கல்லறையில் ஆடு மேயவில்லையா?" என்று பெரியப்பா கேட்டார். "வெள்ளைக்காரன் ஊரில் மேயலாம், எங்கள் ஊரில் மேயக் கூடாதா?"

"அது ஆடு. ஆடு கல்லை முட்டிச் சாய்க்காது" என்றார் ஐயர். "நேற்று உங்கள் எருமை ஒரு குழந்தையின் கல்லைச் சாய்த்துவிட்டது. வந்து பாருங்கள்."

பெரியப்பா போய்ப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது தெரிகிறது. அன்றைக்கு நான் எங்கள் எருமைகளின் பக்கம்தான். ஆனாலும் ஐயர் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. கொய்யாவை விட மனமில்லை.

என்னைக் கெடுத்தது வேறொன்று. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. இன்சீனிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். ஐயர் அதுவரை பர்மியத்தில்தான் பிரசங்கம் செய்துவந்தார். பண்டிகைக்கு முதல் தடவையாகத் தமிழில் செய்யப்போவதாகச் சொன்னார். கூடவே பிள்ளைகளில் ஆறு பேரைப் பொறுக்கிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கரேன்காரர்கள் பாடுவது தெரியுமே, நாலு குரலாகப் பிரிந்து பாடிக் கடைசியில் ஒன்றாகக் கூடுவார்கள். அந்த ஆறில் நானும் ஒருத்தி. மூன்றாம் நாள் ஐயர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துப் பர்மியத்தில் சொன்னார்:

"நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்."

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். உங்களில் இரண்டு பேர் அந்த ஐந்தில் உண்டு. மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் பிரசங்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. புகைபோக்கிவழியே அடுப்புக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோழியைக் கூடையில் போட்டு மூடியிருந்தார். தாளின் முதல் வரி, "என் அருமையான சபையாரே" என்பது. அவர் அதைச் சரியாகத்தான் சொன்னார். நான் மேசையைத் தட்டினேன்.

"அது 'அ' இல்ல சயா. 'எ'."

"எருமையான?"

"ஆமா. எருமையான சபையாரே."

அவர் பேனாவை எடுத்து எழுத்தை அடித்துத் திருத்தினார். எனக்கு நன்றி சொல்லி மேசையிலிருந்த பெரிய கொய்யாவை எடுத்துக் கொடுத்தார். வழியெல்லாம் அதைத் தின்றுகொண்டே போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றுமில்லை. பழம் இனிப்பாக இருந்தது.

மறுநாள் கோயில் நிரம்பியிருந்தது. நனைந்த குடை வாசனையும் பெண்கள் முகத்தில் பூசியிருந்த தனக்காப் பட்டைச் சாந்தின் வாசனையும் கலந்து வீசியது. ஐயர் பிரசங்க மேடையில் ஏறி, இரண்டு கையையும் விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக, அவருடைய தமிழ்ப் பிரசங்கத்தின் முதல் வாக்கியத்தைச் சொன்னார்:

"என் எருமையான சபையாரே!"

பிள்ளைகள் சிரிப்பார்கள், பெண்கள் சிரிப்பார்கள், அவர் முகம் சிவந்துபோகும், அதோடு முடிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கல்லறைத் தகராறு நடந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குப் பழிவாங்க, இன்சீன்காரர்கள் முன்னால் தங்களை வேண்டுமென்றே எருமை என்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே நடந்தார். அவர் பின்னால் பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஐயர் விரித்த கையை மடக்காமல், ஏதாவது தீப்பிடித்துவிட்டதா என்று பார்ப்பவர்போல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பேராயருக்கு மனு எழுதினார்கள். ஐயரை மாற்றும்வரை கோயிலுக்குப் போவதில்லை என்று முடிவானது. பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையின் முன்பக்கத்தில், பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டி ஜெபம் நடத்தினார்கள். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு. ஐயர் தானே மணி அடிப்பார். தானே கதவைத் திறந்து வைப்பார். காற்று நம் பக்கம் அடித்தால், அவர் தனியாக "இறங்கு, இறங்கு" என்பது கேட்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் ஓடுவேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த வார்த்தைய நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் கையை நிறுத்தவில்லை. "இப்புடிச் சொல்லச் சொன்னாரா ஒன் சயா? எத்தன கொய்யா குடுத்தாரு?"

"இல்லம்மா, நெசமாத்தான்..."

"வாய மூடு. ஒரு கொய்யாக்காவுக்கு ஒங்க பெரியப்பா மானத்த விக்கிறியா?"

பொய் சொன்னபோது நம்பிய உலகம் உண்மை சொன்னபோது நம்பவில்லை. அதற்குமேல் யாரிடம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஐயரிடம் போகலாம். போகப் பயம். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு அடியைவிட மோசமாக இருந்தது.

ஆறாவது வாரம் ஆறு பெருகியது. விடிந்து பார்த்தால் வயலும் சாலையும் ஒரே பழுப்பு. கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகளின் தலை மட்டும் தெரிந்தது. எருமை நீந்தும், சரிதான். எத்தனை நேரம் நீந்தும்? பசுக்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின. எங்கள் எருமை ஈன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. கன்றை அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

அப்போது கோயில் மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கோயிலுக்கு ஆள் உயரம் அடித்தளம் கட்டியிருந்தார். சவப்பெட்டி வண்டி ஏறுவதற்குத் தெற்கு வாசலில் ஒரு சரிவும் போட்டிருந்தார். அந்த வாசற்கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. பெஞ்சுகளையெல்லாம் ஐயர் ஒற்றை ஆளாகப் பீடத்தின் பக்கம் இழுத்து அடுக்கியிருந்தார்.

அப்பாதான் முதலில் போனார். பின்னால் ஒவ்வொருவராக மாட்டைப் பிடித்துக்கொண்டு, ஐயர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். பெரியப்பா மட்டும் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஓர் எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயர் மணிக்கயிற்றை விட்டுவிட்டுச் சரிவில் இறங்கினார். தண்ணீரில் நடந்துபோய் எருமையின் மறுபக்கக் கொம்பைப் பிடித்தார்.

"வாங்க. உள்ள வாங்க" என்றார். அது நான் சொல்லிக்கொடுத்த தமிழில்லை.

உள்ளே நாற்பது மாடுகளின் மூச்சில் கோயில் கொதித்தது. சாணியும் ஈரமும் பாலும் கலந்த வாசனை. ஆளுக்கொரு மூலையில் மாடுகளைக் கட்டினார்கள். கடைசியில் பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"ஐயரே, நீங்க செஞ்சது பெரிய காரியம். அத நான் மறுக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு மேடையில நின்னு எங்கள எருமைன்னீங்களே, அது ஏன்? அத மட்டும் சொல்லிடுங்க."

ஐயர் விழித்தார். அதில் அந்த ஒரு சொல்தான் அவருக்குப் பிடிபட்டது. "எருமை... அன்பு உள்ள... அதுதானே?" என்றார் தமிழில், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

பக்கத்திலிருந்த ஒருவர் எங்கள் எருமையின் முதுகைத் தட்டி, "சயா, எருமை என்றால் இது" என்று பர்மியத்தில் சொன்னார்.

ஐயர் எருமையைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். ஆறு வாரமாக, கல்லறையில் கயிற்றை அவிழ்த்ததற்காகத்தான் ஊர் தன்னை ஒதுக்கிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். யாரும் அவரிடம் காரணம் சொல்லவில்லை. யாரும் அவரோடு பேசவேயில்லையே. என்னை அவர் காப்பாற்றியிருக்கவுமில்லை. அவருக்கு ஒன்றுமே தெரியாது.

நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். "நான்தான் சொல்லிக் குடுத்தேன். அருமைன்னு இருந்தத எருமைன்னு மாத்தச் சொன்னேன்" என்று கத்தினேன்.

ஒரு பத்து வயதுப் பெண் இதைத் தானாகச் செய்திருப்பாள் என்று அங்கே யாருக்குத் தோன்றும்? எல்லாக் கண்ணும் என்னிடமிருந்து பெரியப்பாவிடம் போயிற்று. பெரியப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"சின்னப் புள்ளய விடுங்க" என்றார். அவ்வளவுதான்.

அதை எல்லோரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வாரத்துச் சிரிப்பு. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. அங்கி மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து ஒரு வாளியோடு வெளியே வந்து, மாடுகளோடு வந்து தரையில் தேங்கிய சேற்றுத் தண்ணீரை அள்ளிக் கொட்டத் தொடங்கினார். பெரியப்பா இன்னொரு வாளியைத் தேடி எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் குனிந்தார்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. அந்த ஊர்ப் படம் ஈரத்தில் உப்பி, கண்ணாடியோடு ஒட்டி, பிரித்தபோது கையோடு வந்துவிட்டது. குளத்தோரத்து வீடு அப்படித்தான் போனது. அடுத்த ஞாயிறு எல்லோரும் கோயிலுக்குப் போனோம். மனுவைத் திருப்பி வாங்கப் பெரியப்பாவே ரங்கூனுக்குப் போய் வந்தார். ஐயர் நம் சேகரத்தில் பல வருஷம் இருந்தார். உங்களில் பாதிப்பேருக்குத் திடப்படுத்தலுக்கான பாடம் நடத்தி முதல் நற்கருணை கொடுத்தவர் அவர்தான். தமிழும் படித்தார், ஆனால் என்னிடமில்லை. என்னிடம் அவர் அதற்குப் பிறகு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பெரியப்பாவும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் அவரைக் கேலி செய்தபோதெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார்.

நான் கல்யாணமாகி இன்சீனுக்கு வந்த பிறகுதான் பெரியப்பா இறந்தார். ஐயர் ஓய்வு பெற்று அப்போது அதே இன்சீனில், கரேன்காரர்கள் தெருவில் குடியிருந்தார். செய்தி கேட்டுத் தானாகவே மாவ்பிக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால், கோயில் வாசலில் தனியாக நின்றவரிடம் போனேன்.

"ஐயா, அன்னிக்கு அந்த வார்த்தைய எனக்கு யாரும் சொல்லித் தரல. பெரியப்பாவுக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நானேதான்."

"தெரியும்" என்றார். "ஒங்க பெரியப்பாவா இருந்தா இன்னும் மோசமா ஒண்ணு சொல்லிக் குடுத்திருப்பாரு."

"பின்ன ஏன் என்கிட்ட அப்புறம் ஒண்ணும் கேக்கல?"

"கோவம்."

"எத்தன நாளு?"

"அந்த மழ முடியிற வரைக்கும். அப்புறம் கொய்யாவ எடுத்து வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ வரல."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அடக்க ஆராதனையில் பெரியப்பாவைப் பற்றிப் பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தார். பர்மிய எழுத்தில் இல்லை, தமிழிலேயே. விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு சந்தேகம். இவர 'வைராக்கியம் உள்ளவர்'னு சொல்லணுமா, 'பிடிவாதக்காரர்'னு சொல்லணுமா? எது சரி?"

நான் யோசிக்கவேயில்லை.

"ரெண்டும் சொல்லுங்க" என்றேன்.

பேனாவை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். அவர் உள்ளே போய்ப் பெட்டியின் பக்கத்தில் நின்று, ஒரு மெய்யும் விடாமல், இரண்டையும் சொன்னார். முன்வரிசையில் பெரியம்மா அழுதுகொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.